கான்கிரீட்டுக்குப் போர்வை

என் வீட்டுக்காரர் வீடு திரும்ப வேண்டுமானால் வாசலில் படி இருக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எங்கள் வாசலில் இருந்தது இரண்டே படி. டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் இந்த வீட்டுக்குக் குடி வந்த நாளிலிருந்து அதை நான் படி என்று நினைத்ததே இல்லை. ஒரு கையில் பால் கேனும் மறு கையில் காய்கறிப் பையுமாக, ஏறுவது தெரியாமலே ஏறிவிடுவோம். தீபாவளி கழிந்த வாரத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்த பிறகுதான், அந்த இரண்டு படியும் மருதமலைப் படிக்கட்டு மாதிரி என் கண் முன்னால் எழுந்து நின்றன.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவரை ரீஹாபுக்கு மாற்றியிருந்தார்கள். விழுந்த கை காலை மறுபடி பழக்குகிற இடம் அது. புத்தி தெளிவாகத்தான் இருந்தது. பேச்சு மட்டும் வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்று வந்தது. அவர் சிவில் இன்ஜினியர், பாலங்களுக்குக் கணக்குப் போடுகிறவர். நான் ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடம் நின்றவள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் காரைத் திருப்புகிற ரகம். ஃப்ரீவேயில் இன்றுவரை ஓட்டியதில்லை. அனுமார் கோயிலுக்குக்கூட உள்தெருக்களிலேயே சுற்றிச் சுற்றித்தான் போவேன். இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் கவலைப்படுவது என் வேலை, "ஒண்ணும் ஆவாது அம்மிணி" என்று சொல்வது அவர் வேலை. அவர் படுத்துக்கொண்ட பிறகு அந்த வார்த்தையைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாமல் போயிற்று.

வாடகைக்கு அலுமினிய ராம்ப், அதாவது வீல்சேர் ஏறுகிற சரிவு, கிடைக்கும் என்று மகள் சொன்னாள். அப்பாவுக்காகக் காலேஜில் ஒரு செமஸ்டரை விட்டுவிட்டு வந்திருந்தாள். ரீஹாபிலேயே அப்படி ஒரு சரிவின் மேல் அவரை ஏற்றிப் பார்த்தார்கள். வீல்சேர் ஏறியதும் தகடு தடதடவென்று அதிர்ந்தது. இந்த நோவுக்குப் பிறகு சின்னச் சத்தத்துக்கே அவர் உடம்பு தூக்கிப் போடுகிறது. வலது கையால் பக்கத்துக் கம்பியைப் பிடித்தவர், இறக்கிய பிறகும் விரலை எடுக்கவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

"இது வேண்டாம் அம்மிணி," என்றார். "கான்கிரீட்... போட்டுரு."

எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு டிரைவ்வே போட்டுக் கொடுத்த மெக்சிகோக்காரர் ஒருவர் வந்து அளந்து பார்த்தார். அவருக்கும் எனக்கும் ஆங்கிலம் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் பேச்சு சுலபமாக நடந்தது. அது டிசம்பர் மாதம். ஆனாலும் டெக்சாஸ் வெயில், ஆட்கள் அரைக்கைச் சட்டையோடு திரிந்தார்கள். "டுமாரோ ஐ ஸ்டார்ட், சேன்யோரா. வெதர் வெரி குட்," என்றார். சேன்யோரா என்றால் அவர் பாஷையில் அம்மா.

மார்கழி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மார்கழியில் யாராவது வீட்டு வேலையைத் தொடங்குவார்களா? அதுவும் நடக்க முடியாமல் கிடக்கிற மனுஷன் ஏறி வரப்போகிற பாதையை? மகளிடம் சொன்னேன்.

"அம்மா, சீரியஸ்லி? இட்ஸ் எ ராம்ப். கிரகப்பிரவேசம் இல்ல."

"உங்கப்பா இந்த ஊட்டுக்குள்ள மறுக்கா வர்றதே கிரகப்பிரவேசந்தான் கண்ணு," என்றேன். அவள் போனை எடுத்து அப்பாவை வீடியோவில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். நல்ல உடம்பாக இருந்திருந்தால் அவர் சிரித்திருப்பார். ராகு காலத்தில் புதுக் கார் சாவியை வாங்கி என்னைக் கதற வைத்தவர். அன்றைக்கு ஸ்கிரீனில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பயத்தைக் கேலி செய்ய அவரிடம் பலம் இல்லையோ, இல்லை எனக்கு இருந்த ஒரே பிடியையும் பிடுங்க வேண்டாம் என்று நினைத்தாரோ.

"உனக்கு மனசு... கேக்கலீன்னா... தை பொறக்கட்டும்," என்றார்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எங்களுக்குப் பிறந்தது வடக்கிலிருந்து வந்த குளிர்.

பொங்கல் அன்று ரீஹாபுக்கு ஃபிளாஸ்கில் பொங்கல் கொண்டுபோனேன். ஊட்டிக்கொண்டிருக்கும்போதே அங்கே வேலை செய்யும் பெண் வந்து, மகளிடம் இங்கிலீஷில் நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனாள். வருகிற சனிக்கிழமையோடு இன்சூரன்ஸ் முடிகிறது. அதற்குள் வாசல் தயாராக இல்லையென்றால் அவரை நர்சிங் ஹோமுக்கு அனுப்புவார்கள். நம் ஊர் நர்சிங் ஹோம் மாதிரி பிரசவம் பார்க்கிற இடமில்லை அது. வீட்டுக்குப் போக முடியாதவர்களை வைத்துக்கொள்கிற இடம். அவர் வாயிலிருந்த பொங்கலை மென்று விழுங்கிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம் ஒரு வாய்கூட வாங்கவில்லை. இடது கை மடியில் கிடந்தது. எப்போது தொட்டாலும் ஜில்லென்று இருக்கும் அந்தக் கைக்கு நான் மகளுடைய கம்பளிச் சாக்ஸை மாட்டி வைத்திருந்தேன்.

வியாழன் ராத்திரியிலிருந்து உறைகுளிர் என்று டிவியில் சொன்னார்கள். சில வருஷம் முன்னால் அடித்த குளிரில் கரண்ட் போய், நாங்கள் மூன்று பேரும் காருக்குள் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. கடையில் ரொட்டி தீர்ந்திருந்தது. தெருவில் எல்லோர் வீட்டு வெளிக்குழாய்க்கும் வெள்ளைத் தெர்மோகோல் தொப்பி ஏறிவிட்டது. உறைந்த குழாய் வெடித்தால் வீடே வெள்ளமாகிவிடும். மெக்சிகோக்காரர் போன் செய்தார். குளிர் போகட்டும், அடுத்த வாரம் போடலாம் என்றார். அப்பா வீட்டுக்கு வருவது இதை நம்பித்தான் இருக்கிறது என்று மகள் சொன்னாள். அதைக் கேட்டதும் அவர், "வெட்னஸ்டே. மார்னிங் நோ, நூன்," என்றார்.

புதன்கிழமை மத்தியானம் சின்ன லாரி வந்து நின்றது. அதற்குள் பலகை அடித்து, உள்ளே கம்பி கட்டி வைத்திருந்தார்கள். நான் ஒரு சிட்டிகை மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொண்டுபோய் மூலையில் போடலாமா என்று சைகையில் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வழிவிட்டார். சுடுதண்ணீரில் கலந்த கலவை, சீக்கிரம் இறுகுவதற்கு ஏதோ மருந்தும் சேர்த்தது. தள்ளுவண்டியிலிருந்து கவிழ்த்ததும் இட்டிலிக் குண்டாவைத் திறந்த மாதிரி ஆவி பறந்தது. சட்டம் போட்டு மட்டம் பார்த்து, கடைசியில் நீளமான துடைப்பத்தால் குறுக்கே ஒரே இழுப்பாக இழுத்துக் கோடு போட்டார்கள். சக்கரம் வழுக்காதாம்.

பிளாஸ்டிக் தாளை விரித்து மூடிய பிறகு அவர் தன் டிரக்கிலிருந்து தடித்த போர்வைகளை எடுத்தார். கான்கிரீட்டுக்கென்றே இருக்கிற போர்வை. அவருடையதெல்லாம் வேறு ஒரு பெரிய வேலையில் மாட்டிக்கொண்டதால், கொண்டுவந்தது மேல்பாதிக்குத்தான் போதியது. "மோர் பிளாங்கெட்," என்றார். "எனி பிளாங்கெட். யுவர் பெட் பிளாங்கெட்."

எதிர்வீட்டு ஆன்ட்டி கேட்டுக்கொண்டிருந்தாள். சென்னைக்காரி, என்னைவிட இளையவள்; ஆனால் என் மகள் ஆன்ட்டி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அதுவே வருகிறது. "இதுக்கா முழிக்கிறீங்க? குரூப்ல போட்டா அஞ்சு நிமிஷம்," என்று தெரு வாட்ஸ்அப்பில் போட்டாள். காரிலும் நடந்தும் வந்தார்கள். பஞ்சு அடைத்த ரஜாய் வந்தது, டைனோசர் போட்ட குழந்தைப் போர்வை வந்தது, ஒருவர் ஸ்லீப்பிங் பேக்கையே திறந்து விரித்தார். நான் என் பவானி ஜமக்காளத்தை எல்லாவற்றுக்கும் மேலே போட்டு, ஓரத்தில் செங்கல் வைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் கல்யாண மண்டபத்தில் சொந்தக்காரர்கள் வரிசையாகப் படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

சாயங்காலம் மனசு நிலைகொள்ளவில்லை. போய்க் குனிந்து, போர்வைக்கு அடியில் பிளாஸ்டிக் தாளுக்கு மேலாகக் கையை நுழைத்துப் பார்த்தேன். உள்ளே வெதுவெதுப்பு. பயந்துபோய் அவருக்கு வீடியோ கால் போட்டேன்.

"சூடு... இருக்குதா?" என்று நான் சொல்வதற்கு முன்னால் அவரே கேட்டார்.

"இருக்குதுங்க. கொழந்த நெத்தியத் தொட்ட மாதிரி இருக்குது. காய்ச்ச கீய்ச்சலா?"

வாய் ஒரு பக்கமாகக் கோணியது. "அது... அதோட சூடு. இறுகறப்ப... தானா உண்டாகும். நாம குடுக்கறதில்ல. போர்வ... அத வெளிய உடாது. அவ்ளோதான்."

"ராத்திரி ஆறிப்போச்சுன்னா?"

"ஒண்ணும்..." என்று ஆரம்பித்தார். நான் காத்திருந்தேன். "ஒண்ணும் ஆவாது அம்மிணி."

போனை வைத்த பிறகும் நான் கையை உள்ளேயிருந்து எடுக்கவில்லை.

மறுநாள் வியாழன். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு ஆளை எப்படி மாற்றுவது என்று எனக்கும் மகளுக்கும் ரீஹாபில் பழக்கிக் கொடுத்தார்கள். நாங்கள் திரும்பும்போது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வடக்குப் பக்கம் வானம் ஈயம் மாதிரி கறுத்து, காற்று கிளம்பியிருந்தது. தெருவுக்குள் திரும்பியதும் மகள், "ஓ மை காட்," என்று பிரேக்கை அழுத்தினாள்.

எங்கள் புல்தரையில் போர்வைகள் எல்லாம் மடித்து அடுக்கியிருந்தன. கான்கிரீட் அம்மணமாகக் கிடந்தது. எதிர்வீட்டு அங்கிள், ஆன்ட்டியின் வீட்டுக்காரர், குழாய்த் தொப்பியைக் கழற்றிவிட்டு ஹோஸைப் பிடித்து அதற்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கீழே தண்ணீர் ஓடிப்போகாமல் இருக்கத் துண்டைச் சுருட்டி அணை வேறு கட்டியிருந்தார்.

"சிஸ்டர், டென்ஷனே வேணாம்!" என்று கையை ஆட்டினார். "நேத்துலேர்ந்து ஒருத்தரும் ஒரு சொட்டுத் தண்ணி காட்டல. வெயில் வேற அடிச்சிது. வெடிச்சிருமேன்னு நானே இறங்கிட்டேன். மேடவாக்கத்துல வீடு கட்டறப்ப பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துவோம், தெரியுமா? சும்மா இரும்பு மாதிரி நிக்கிது இன்னிக்கும்."

நம் ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். கட்டடம் போட்டால் தண்ணி ஊத்து. எனக்கே காலையில் ஒரு நிமிஷம் கை பரபரத்தது. மகள் மெக்சிகோக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். விஷயத்தைச் சொன்னதும், "நோ வாட்டர்! நோ, நோ, நோ! டுநைட் ஐஸ்!" என்று கத்தினார். மேலே நிற்கிற தண்ணீர் உறைந்தால் கான்கிரீட்டின் தோலை உரித்துவிடும். உடனே துடைத்துக் காயவைத்து மூடுங்கள் என்றார்.

ஹோஸ் அங்கிள் கையிலேயே இருந்தது, தண்ணீர் அவர் ஷூவுக்குள் போய்க்கொண்டிருந்தது. "நம்ம ஊர்ல..." என்றார்.

எனக்குத் திட்ட வாய் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்தான் என் வீட்டுக்காரரோடு தினம் சாயங்காலம் நடக்கப் போய்க்கொண்டிருந்தவர். நடந்துகொண்டிருக்கும்போதே இவர் சரிந்தபோது, தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வருகிறவரை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவர். அன்றிலிருந்து எங்கள் குப்பைத் தொட்டியை அவர்தான் தெருவுக்கு இழுத்து வைக்கிறார். ஏதாவது செய்ய வேண்டும் என்று அந்த மனுஷனுக்குள்ளே ஒன்று கிடந்து தவித்திருக்கிறது.

"குழாய மூடுங்கண்ணா," என்று மட்டும் சொன்னேன். உள்ளே ஓடினேன்.

வீட்டில் இருந்த அத்தனை துண்டுகளும் வந்தன. என் வீட்டுக்காரர் வேட்டிகளை அலமாரியோடு அள்ளிக்கொண்டு வந்தேன். மண்டிபோட்டு ஒற்றி ஒற்றிப் பிழிந்தோம். அங்கிள் தன் ஸ்வெட்டரையே கழற்றித் துடைத்தார். துடைப்பம் போட்ட கோடுகளுக்குள் ஈரம் ஒளிந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்றது. ஆன்ட்டி ஹேர் டிரையரோடும் எக்ஸ்டென்ஷன் வயரோடும் ஓடி வந்தாள். அதை அங்கிள் வாங்கி எட்டி நின்று பிடித்தார்.

"அய்யே, கிட்டக்கப் புடிங்க! தலைல முடி இருந்தாத்தானே இதப் புடிக்கத் தெரியும்?" என்று பிடுங்கிக்கொண்டாள். "கூகுள் பண்ணியாவது பாத்திருக்கக் கூடாதா? டீம்ல அத்தன பேருக்கு மேனேஜராம். மேடவாக்கம், மேடவாக்கம்!"

என் மகள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கு அதைப் பார்க்க நேரமில்லை. கையை வைத்துப் பார்த்தேன். நேற்றைய வெதுவெதுப்பு இல்லை. அவருடைய இடது கையைத் தொட்ட மாதிரியே இருந்தது.

ஓரத்தில் வழிந்து புல்தரையில் ஓடிய தண்ணீரில் போர்வைகளில் பாதி நனைந்திருந்தது. ஆன்ட்டி வீட்டுக்குப் போய்த் தங்கள் கட்டிலில் கிடந்த தடித்த கம்ஃபர்ட்டர் போர்வைகளை உருவிக்கொண்டு வந்தாள். "நாங்க ஸ்வெட்டர் போட்டுட்டுத் தூங்கிக்கிறோம்," என்றாள். "இவருது ஈரம். இவரு நடுங்கட்டும்." தாளை விரித்து, எல்லாவற்றையும் போட்டு, குழாய்க்குத் தொப்பியையும் மாட்டி முடித்தபோது காற்று ஊளையிட ஆரம்பித்துவிட்டது.

சாப்பாட்டுக்கு முன்னால் மறுபடி போய்க் கையை விட்டேன். லேசாகச் சூடு இருக்கிற மாதிரி இருந்தது. அது கான்கிரீட்டின் சூடா, என் ஆசையா என்று தெரியவில்லை. அவர் கூப்பிட்டார்.

"சூடு... இருக்குதா?"

"இருக்குதுங்க," என்றேன். தண்ணீர் விட்ட கதையைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க வெளியே பறவைகூட இல்லை. போர்வை மேலே உறைபனி உப்பு மாதிரி பூத்திருந்தது. தாளைத் தூக்கிப் பார்க்கக் கூடாது, இருக்கிற சூடும் போய்விடும் என்று மெக்சிகோக்காரர் சொல்லியிருந்தார். ஆகவே ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ஜன்னலிலும் ஒரு வழுக்கைத் தலை நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் மெக்சிகோக்காரர் வந்து போர்வைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். சுத்தியலின் பின்பக்கத்தால் மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். தட்டத் தட்ட டங், டங் என்று நல்ல குடத்தைத் தட்டின மாதிரி சத்தம் வந்தது. கீழ்க் கோடியில், துண்டால் அணை கட்டியிருந்த இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக விழுந்தது. அங்கே மேல்தோல் முறுகல் தோசையின் ஓரம் மாதிரி செதில் செதிலாக எழும்பியிருந்தது. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டை விரலால் சுரண்டினார்.

"ஒன்லி ஸ்கின், சேன்யோரா," என்றார். "இன்சைட் ஸ்ட்ராங். ஸ்பிரிங் ஐ ஃபிக்ஸ்." எழுந்து பலகைகளைப் பிரித்துக்கொண்டே, "ஹஸ்பண்ட், கம் ஹோம்," என்றார்.

மத்தியானம் ரீஹாப் வேனின் லிஃப்ட் அவரை எங்கள் வாசலில் இறக்கியது. மகள் வீல்சேரைப் பிடித்துக்கொண்டாள். ஆன்ட்டி ஆரத்தித் தட்டோடு நின்றாள். அங்கிள் வாசல் கதவைத் திறந்து பிடித்தபடி, பாதி உடம்பைக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

ராம்பின் அடியில் வந்ததும் அவர் வலது கையைத் தூக்கினார். மகள் நிறுத்தினாள். அவர் குனிந்து அந்தச் செதிலையே பார்த்தார். பாலத்துக்குக் கணக்குப் போடுகிற கண் அல்லவா.

"தண்ணி... யாரு உட்டது?"

அங்கிள் கதவுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினார். ஆன்ட்டிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "இவருதான் அண்ணா!" என்று தட்டோடு சேர்த்துக் கதவுப் பக்கம் காட்டினாள்.

அங்கிள் வெளியே வந்தார். "சாரிடா. வெடிச்சிரும்னு நெனச்சேன்," என்றார்.

என் வீட்டுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "மேடவாக்கம்... மேஸ்திரி," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். முகத்தின் ஒரு பக்கம் சிரித்தது, மறுபக்கம் கொஞ்சம் தாமதமாக அதன் பின்னாலேயே போகப் பார்த்தது. தீபாவளிக்குப் பிறகு அவரிடமிருந்து நான் கேட்ட முதல் சிரிப்பு அது. அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டேய், மேடவாக்கம் வீடு இன்னிக்கும் நிக்கிதுடா," என்றார்.

மகள் தள்ளினாள். சக்கரம் துடைப்பக் கோடுகள் மேல் சர்ரென்று, சீலை உரசுகிற மாதிரி ஏறியது. ஒரு அதிர்வு இல்லை. நான் பக்கத்திலேயே நடந்தேன். அவர் வலது கை கம்பியைத் தேடவில்லை, மடியிலேயே இருந்தது. வாசலுக்கு வந்தாயிற்று. ஆன்ட்டி ஆரத்தி சுற்றினாள். உள்ளே வாங்க என்று நான் நிலைக்கு அந்தப் பக்கம் போய்க் கூப்பிட்டேன்.

அவர் உள்ளே பார்க்கவில்லை. திரும்பி, ஏறி வந்த சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா," என்றார்.

"அப்பா, சீரியஸ்லி? இட்ஸ் ஃப்ரீஸிங்!"

"குளிருதுங்க, உள்ள வாங்க. சளி புடிச்சுக்கும்," என்று நான் ஆரம்பித்தேன். நுரையீரல், காய்ச்சல், மறுபடி ஆஸ்பத்திரி என்று எனக்குள் எல்லாம் வரிசையாக ஓட ஆரம்பித்துவிட்டது.

"போத்தி உடு அம்மிணி."

புல்தரையில் மடித்து வைத்திருந்த ஜமக்காளத்தை எடுத்துவந்து உதறினேன். அவர் காலைச் சுற்றி, சாக்ஸ் போட்ட இடது கையையும் உள்ளே வைத்து, கழுத்து வரை போர்த்தி ஓரங்களைச் செருகினேன். மகள் வீல்சேரைத் திருப்பினாள். நாங்கள் மறுபடியும் கீழே இறங்கினோம்.